காய்ச்சலும் பாய்ச்சலும்

உபாத்தியாயர் தொழிலில் இருப்பவர்கள் மாணாக்கர்களைப் பரீட்சை செய்வதுதான் உலக வழக்கம். ஆனால் எப்பொழுதாவது ஒரு மாணாக்கன் உபாத்தியாயரையே பரீட்சை செய்துவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட பரீட்சை ஒன்றில் நாம் அகப்பட்டுக்கொண்டு விழித்த கதையிலிருந்து இந்தக் கட்டுரையை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

பூமியின் உஷ்ணம் ஏறி வருவதைப் பற்றி அன்று பாடம். நிலக்கரிப் புகை, மோட்டார்ப் புகை, காடழிப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். வகுப்பு வழக்கம்போல் ஒரு காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. "தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயல்களிலிருந்து மீதேன் என்னும் வாயு கிளம்புகிறது, பூமி சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம்" என்ற வரிக்கு வந்தோம். கடைசிப் பெஞ்சியில் ஒரு பையன் எழுந்து நின்றான். தலைஞாயிற்றுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, அதிகம் பேசாதவன்.

"அப்போ எங்க தாத்தா பண்றது தப்பா, ஸார்?" என்று கேட்டான்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. காவேரிப் பாசனத்து ஊரில், சோற்றுக்கு நெல்லையே நம்பி வளர்ந்த பிள்ளைகளின் முன்னால், அந்த நெல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விட முடியுமா? நாளைக்குப் பதில் சொல்வதாக வாக்களித்துவிட்டு மணி அடிப்பதை எதிர்பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த "நாளை" வருவதற்குப் பல வாரங்கள் பிடித்தன.

சேற்றிலிருந்து கிளம்பும் வாயு

முதலில் வாயுவைப் பற்றிச் சொல்லிவிடுவோம். கோவில் குளத்திலோ, ஊர்க் குட்டையிலோ ஒரு கழியை விட்டு அடிச்சேற்றைக் கிளறினால் குமிழிகள் மேலே வருவதை நம்மில் பார்க்காதவர் இல்லை. 1776-ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து வோல்டா என்ற விஞ்ஞானி மாஜியோரே ஏரியின் கரையில் இதையே செய்தார். நாம் குமிழியைப் பார்த்துவிட்டுக் கழியை எறிந்துவிட்டுப் போய்விடுகிறோம். அவர் அதை ஒரு குப்பியில் பிடித்து நெருப்பு வைத்துப் பார்த்தார். அது எரிந்தது. அந்தச் சதுப்பு வாயுவுக்குத்தான் பின்னால் மீதேன் என்று பெயர் வந்தது.

வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் சில நாட்களில் சேற்றுக்குள் பிராணவாயு தீர்ந்துபோகிறது. பிராணவாயு இல்லாத இடத்தில்தான் வாழக்கூடிய நுண்ணுயிர்கள் சில உண்டு. அறுத்த தாள், மடக்கி உழுத தழை, வேர்க் கசிவு ஆகியவை சேற்றுக்குள் மக்கும்போது அந்த நுண்ணுயிர்கள் மீதேனை உண்டாக்குகின்றன. அது வெளியே வரும் வழிதான் விந்தையானது. குமிழியாக வருவது கொஞ்சம். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வருகிறது. தண்ணீருக்குள் நிற்கும் வேர் மூச்சு விடுவதற்காக இயற்கை நெல்லின் உடம்பில் துவாரக் குழாய்கள் வைத்திருக்கிறது. காற்று கீழே இறங்குவதற்காக ஏற்பட்ட அந்தக் குழாயே சேற்று வாயுவுக்குப் புகைபோக்கியாகிவிடுகிறது. பச்சைப் பசேலென்று காற்றில் அலையடிக்கும் சம்பா வயலைப் பார்த்து மனம் நெகிழும்போது அதில் கோடிக்கணக்கான புகைபோக்கிகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று யாருக்குத் தோன்றும்?

மீதேன், கரியமில வாயுவைப் போலவே, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய உஷ்ணத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. எடைக்கு எடை பார்த்தால், நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பொல்லாதது. இருபது வருஷக் கணக்கில் 80 மடங்கு. ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் ஆகாயத்தில் தங்குகிறது. மீதேன் சுமார் 12 வருஷத்தில் சிதைந்துபோகிறது. ஆகையால் இன்று மீதேனைக் குறைத்தால் அதன் பலனை நம் மாணாக்கர்களே தங்கள் வாலிபப் பருவத்தில் காணலாம். உலக மகாநாடுகளில் சில வருஷங்களாக இந்த வாயுவின் பெயர் அடிக்கடி அடிபடுவதற்குக் காரணம் இதுவே.

கூண்டில் ஏறிய நெல்

பையனுடைய கேள்விக்கும் பாரத தேசத்தின் சமீப சரித்திரத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. இதே கேள்வியை முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் தேசமே கேட்க வேண்டியிருந்தது.

1990-ஆம் வருஷ வாக்கில், பூமியைச் சூடாக்குவதில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று வாஷிங்டனில் உள்ள உலக வள ஆராய்ச்சி நிலையம் ஒரு பட்டியல் போட்டது. அதில் முதல் ஐந்து இடங்களுக்குள் இந்தியாவும் இருந்தது. இங்கே குடிசை வீட்டில் விறகடுப்பு. அங்கே வீட்டுக்கு இரண்டு மோட்டார் வண்டி. அப்படியிருந்தும் இரண்டு நாடுகளும் ஒரே பந்தியில்! எப்படி இது வந்ததென்று பார்த்தால், நம்முடைய மாடுகளும் நெல் வயல்களும் விடும் மீதேனையெல்லாம் நம் தலையில் கட்டியிருந்தார்கள். இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்கு 3 கோடி 78 லட்சம் டன் மீதேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகாவின் கணக்கு ஒன்று சொல்லிற்று. இந்திய வயலில் இறங்கி அளந்து போட்ட கணக்கு அல்ல அது. மேல்நாட்டு வயல்கள் சிலவற்றில் அளந்ததை எடுத்துக்கொண்டு இந்திய நிலப்பரப்பால் பெருக்கிவிட்டார்கள்.

டில்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் இதற்கு ஒரு மறுப்பை வெளியிட்டார்கள். உயிர் வாழ்வதற்காக விடும் வாயுவும் உல்லாசத்துக்காக விடும் வாயுவும் ஒன்றாகுமா என்று அவர்கள் கேட்டார்கள். அதே வருஷம் தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ஏ. பி. மித்ராவின் தலைமையில் நம் விஞ்ஞானிகள் வேறு விதமாகப் பதில் சொல்லப் புறப்பட்டார்கள். தேசத்தின் பல பாகங்களில் வயலுக்குள் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, எழும் வாயுவைப் பிடித்து அளந்தார்கள். அளந்து முடித்தபோது கிடைத்த தொகை வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் டன். முன்னே சொன்ன கணக்கில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு!

ஆய்வுக்கூடத்தின் அளவுகோலைக் கொண்டு தேச கௌரவத்தைக் காப்பாற்றிய காரியம் இது. பள்ளிக்கூடப் புத்தகங்களில் இதற்கு ஏன் ஒரு பக்கம்கூட இல்லை என்பது நமக்கு விளங்கவில்லை. அடுத்த வருஷம், 1992-இல், ரியோ டி ஜெனிரோ நகரில் உலக நாடுகள் கூடிச் செய்துகொண்ட காலநிலை உடன்படிக்கையில், பொறுப்பு எல்லாருக்கும் பொதுவானாலும் எல்லாருக்கும் ஒரே அளவானதல்ல என்ற தத்துவம் ஏறியது. ஏழை நாடுகள் போராடி வாங்கிய வாசகம் அது.

இந்த வரலாற்றைப் படித்ததும் நமக்கு உற்சாகம் பொங்கியது. மறுநாளே வகுப்புக்குப் போய், "உன் தாத்தா பேரில் குற்றமே இல்லை, கணக்குத்தான் பிசகு" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடலாம் என்று எண்ணினோம். நல்ல வேளையாக அப்படிச் செய்யவில்லை.

காரணம் என்னவென்றால், தேசத்தின் கணக்குக் குறைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், இந்திய நெல் நிலத்தில் கணிசமான பகுதி வானம் பார்த்த நிலம் என்பதுதான். அங்கே தண்ணீர் தொடர்ந்து நிற்பதில்லை. வாயுவும் அதிகம் எழுவதில்லை. நம் காவேரி டெல்டா அப்படிப்பட்டதா? கல்லணையிலிருந்து கோடியக்கரை வரையில் களிமண். நட்ட நாள் முதல் அறுப்புக்குப் பத்து நாள் முன்பு வரை கணுக்கால் தண்ணீர். பச்சையாகத் தழை மிதித்து, உடனே தண்ணீர் கட்டும் பழக்கம் வேறு. மண்ணுக்கு அது அமிர்தமானாலும் மீதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கும் அது விருந்து. ஒரிஸ்ஸாவின் மேட்டு நிலத்துச் சராசரிக்குப் பின்னால் தஞ்சாவூர்க்காரர் ஒளிந்துகொள்வது நியாயமாகாது.

மகாநாடுகள்

அதற்குப் பின் நடந்த மகாநாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். விரிவாகச் சொல்வதற்கு அவற்றில் அவ்வளவு சாரமும் இல்லை. 1997-இல் கியோட்டோவில் பணக்கார நாடுகள் மட்டும் அளவிட்டுக் குறைப்பதாக ஒப்பந்தம் ஆயிற்று. அமெரிக்கா அதை உறுதி செய்யாமலே விட்டது. 2015-இல் பாரிஸில் எல்லா நாடுகளும் தாங்களே ஓர் இலக்கை எழுதிக் கொடுத்தன. உஷ்ண உயர்வை 2 டிகிரிக்கு நன்கு கீழே, கூடுமானால் 1.5 டிகிரிக்குள், நிறுத்துவது என்று சங்கற்பம். பழைய நிலைக்கு மேல் இப்போதே ஒரு டிகிரிக்கு அதிகமாக ஏறிவிட்டது. 2024-ஆம் வருஷத்தை மட்டும் தனியாக எடுத்தால் ஒன்றரையையும் தாண்டிவிட்டது.

உலக நாடுகள் கூடினால் ஒன்றுமே நடக்காது என்றும் சொல்வதற்கில்லை. ஓசோன் படலத்தைக் காப்பதற்கு 1987-இல் மாண்ட்ரீலில் செய்த ஒப்பந்தம் பலித்தது. ஆனால் அங்கே மாற்ற வேண்டியிருந்தது குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சரக்கை. அதைச் செய்யும் தொழிற்சாலைகள் சில. நெல்லைப் பயிரிடுகிறவர்களோ கோடிக்கணக்கானவர்கள்.

2021-இல் கிளாஸ்கோவில் மீதேனுக்கென்றே தனியாக ஒரு வாக்குறுதி பிறந்தது. 2020-ஆம் வருஷத்து அளவிலிருந்து 2030-க்குள் நூற்றுக்கு 30 பங்கு குறைப்பதென்று நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் பின்னால் அதில் சேர்ந்தன. இந்தியா கையெழுத்திடவில்லை. நம் நாட்டு மீதேன் பெரும்பாலும் மாட்டிலிருந்தும் நெல்லிலிருந்தும் வருவது, சிறு குடியானவர்களின் ஜீவனத்தைப் பொறுத்தது என்பது சர்க்கார் சொன்ன காரணம். அது நியாயமான காரணம் என்றே நாமும் கருதுகிறோம். மனிதர் காரியத்தால் வெளிப்படும் மீதேனில் உலக நெல் வயல்கள் அனைத்துக்குமாகச் சேர்த்து நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்குதான். எண்ணெய்க் கிணறும் எரிவாயுக் குழாயும் நிலக்கரிச் சுரங்கமும் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் விடுகின்றன. ஒழுகுகிற குழாயை அடைக்காமல் பாட்டன் வயலை முதலில் பார்க்க வருவானேன்?

ஆனால் கையெழுத்துப் போடாதது வேறு; காரியம் செய்யாதது வேறு. வயலில் மீதேனைக் குறைக்கும் வழி குடியானவருக்கும் நன்மையானதாக இருந்தால், அதை அந்நியன் சொன்னான் என்பதற்காக நாம் தள்ளவேண்டுமா?

நம்முடைய சொல்லே அது

அந்த வழியின் பெயர்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சி, அது சுண்டி, மண் லேசாக மயிர்க்கோடு விடும்வரை காய விட்டு, மறுபடி பாய்ச்சுவதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயர். பூமாதேவிக்கு வந்திருக்கும் காய்ச்சலை வயலுக்குக் காய்ச்சல் கொடுத்துத் தணிக்கலாம் என்பது தமிழ் மொழியின் அதிர்ஷ்டம்!

காய்ந்த மண்ணுக்குள் காற்றுப் புகுகிறது. மீதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. பல முறை காயவிட்ட வயலில் வாயு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று காண்கிறார்கள். தழைச்சத்து உரத்தை அளவில்லாமல் போட்டால் வேறொரு பொல்லாத வாயு சற்று அதிகமாகும். அதையும் கழித்துக்கொண்டாலும் லாபமே. தண்ணீரும் மிச்சம். பிலிப்பைன்ஸ் தேசத்தில் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஓர் எளிய கருவி கண்டுபிடித்தது. நம் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை வகித்த நிலையம் அது. கருவி என்றால் பெரிய யந்திரம் அல்ல. ஒரு முழத்துக்குக் குறைந்த நீளத்தில், சுற்றிலும் ஓட்டை போட்ட குழாய்த் துண்டு. வயலில் புதைத்து உள்ளே எட்டிப் பார்த்தால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். அரை அடிக்குக் கீழே போனால் பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மாத்திரம் காயவிடக் கூடாது.

இதற்கு உறவான முறை ஒன்றை மடகாஸ்கர் தீவில் லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் வகுத்தார். இளம் நாற்றை ஒவ்வொன்றாக எட்ட எட்ட நட்டு, தண்ணீர் கட்டாமல் ஈரம் மாத்திரம் காப்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் அதற்கு ஒற்றை நாற்று நடவு என்று பெயர். தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டு நிறைவை ஒட்டி, 2010-இல், சர்க்கார் அதற்கு ராஜராஜன் 1000 என்று நாமகரணம் செய்தது. மடகாஸ்கர் பாதிரியார் ராஜராஜ சோழனான விந்தை அது. பெயர் பெரிதாக இருந்தது. நம் ஊர்ப்பக்கம் வயலில் தண்ணீர் கட்டும் வழக்கம் அதனால் அவ்வளவாக மாறிவிடவில்லை. ஏன்?

தாத்தாவின் கேள்வி

அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பையனுடைய ஊருக்கே போனோம். வெண்ணாறு நீடாமங்கலத்துக்கு அருகே மூன்றாகப் பிரிகிறது. அப்புறம் பிரிந்து பிரிந்து, மெலிந்து மெலிந்து, கடலுக்குச் சில மைல் தூரத்தில் வாய்க்கால் என்று சொல்வதற்கும் லாயக்கில்லாமல் போகிறதே, அந்தக் கடைமடைப் பிரதேசம் அது. தாத்தா எழுபதைத் தாண்டியவர். பதினெட்டு மா நிலம். வரப்பில் உட்காரச் சாக்கு விரித்தார்.

"வாங்க, வாத்தியாரய்யா. பேரன் சொன்னான். என் வயல்ல என்னமோ வாயு வருதாமே?" என்று சிரித்தார்.

விஷயத்தைச் சொன்னோம். குழாய், அரை அடி, காயவிடுவது எல்லாவற்றையும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்.

"காய்ச்சலும் பாய்ச்சலும் எங்கப்பா காலத்துலேயே பார்த்ததுதாங்க. காயப்போட்டா வேர் எறங்கும், தூர் கட்டும். அது எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு கேக்கறேன், நீங்க சொல்லுங்க. காய்ச்சல் என் கையில இருக்கு. பாய்ச்சல் யார் கையில இருக்கு?"

நாம் பதில் பேசவில்லை.

"இன்னிக்கு வடிய விட்டுடறேன். முறை ஆறு நாள்னு சொல்லுவாங்க, ஒம்பது நாளாகும். வெடிப்பு விழுந்துடுச்சுன்னா எங்க மண்ணு தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், மேலே நிக்காது. அதனால வந்தப்பவே புடிச்சு வச்சுக்கிறேன். வயல்ல நிக்கிற தண்ணிதான் எனக்குப் பேங்கு."

மேட்டூர் அணையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சின் கனம் தெரியும். 1934-இல் அணை முடிந்தது முதல் ஜூன் 12-ஆம் தேதி என்பது டெல்டாவில் ஒரு பண்டிகை நாளுக்குச் சமானம். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2017-இல் திறந்தது அக்டோபர் 2-ஆம் தேதி! 2020-இல் மறுபடி ஜூன் 12. 2022-இல் மே மாதமே. 2023-இல் ஜூன் 12-இல் திறந்தும், மேலே மழை தவறியதால் அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28. 2025-இல் மறுபடி ஜூன் 12. 1924-ஆம் வருஷ உடன்படிக்கை, 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு, தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன முடிவு, எல்லாம் இருக்கின்றன. கடைமடைக்காரர் தீர்ப்பைப் பார்ப்பதில்லை, மதகைப் பார்க்கிறார். ஒரு வருஷம் ஏமாந்தவர் பத்து வருஷம் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்வார். அது மனித சுபாவம்.

இன்னும் இரண்டு காரணங்கள் சொன்னார். தண்ணீர் நின்றால் களை முளைக்காது. காயவிட்டால் களை கிளம்பும், எடுக்க ஆள் கிடைக்காது. மற்றொன்றைச் சொல்லவில்லை, எழுந்து அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். கிழக்கே, கடலை நோக்கிய கடைசித் துண்டில் வரப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தோம். உப்பு.

"மேல தண்ணி நின்னாத்தான் உப்பு கீழ நிக்கும், ஐயா."

தொடுவானத்துக்கு அப்பால் வேதாரண்யம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து போய், அந்நிய ஆட்சியின் சட்டத்தை மீறி உப்பு எடுத்த கடற்கரை. அன்று நாம் உப்பைத் தேடிப் போனோம். இன்று உப்பு நம்மைத் தேடி வயலுக்கு வருகிறது. உலகத்தின் கடல் மட்டம் இப்போது வருஷத்துக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. ஓர் அரிசி மணியின் நீளம்கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் டெல்டாவின் கிழக்கு ஓரம் சாப்பாட்டுத் தட்டைப் போல் தட்டையானது. ஆறு கொண்டுவந்து நிரப்ப வேண்டிய வண்டலோ அணைகளுக்குப் பின்னால் படிந்துவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கத்துத் தென்னைகள் கத்தை கத்தையாகச் சாய்ந்ததை நம் மாணாக்கர்கள் மறக்கவில்லை.

இதிலே உள்ள அநியாயத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கர் ஒருவர் வருஷத்துக்குச் சராசரி 14 டன் கரியமில வாயு விடுகிறார்; இந்தியர் ஒருவர் சுமார் 2 டன். தாத்தாவின் பங்கு அந்த இரண்டிலும் எவ்வளவோ குறைவாகத்தான் இருக்கும். அந்த 14 டன்னால் சூடான கடல் அவருடைய வயலுக்குள் உப்பை அனுப்புகிறது. உப்பை அடக்க அவர் தண்ணீர் கட்டுகிறார். தண்ணீர் கட்டியதால் மீதேன் எழுகிறது. மீதேன் விட்டார் என்று அவர் பேரிலேயே கணக்கு எழுதப்படுகிறது!

சர்வதேச முயற்சி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆசிய வளர்ச்சி வங்கி 2016-இல் அனுமதித்த கடனைக் கொண்டு, வெண்ணாற்றின் கடைசிக் கிளைகளான அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு முதலியவற்றில் கரைகளை உயர்த்தி, மதகுகளைப் புதுப்பித்து, கடல்நீர் ஏறாமல் தடுக்கும் வேலை நடந்தது. நல்ல காரியம். ஆனால் அது கடன். வேறொருவர் செய்த சூட்டுக்கு நாம் வட்டி கட்டுகிறோம். காலநிலையால் நஷ்டப்பட்டவர்களுக்குப் பணக்கார நாடுகள் உதவுவதற்கென்று ஒரு நிதி ஏற்படுத்த எகிப்தில் 2022-இல் கூடிய மகாநாடு சம்மதித்தது. கடைமடைக்கு அது எப்போது வந்து சேரும் என்று கேட்டால், முறைத் தண்ணீரைப் போலத்தான்.

இதற்கிடையில், மீதேனைக் குறைத்த குடியானவருக்குப் பணம் தருவதாகச் சொல்லும் கரிம வியாபாரமும் உலகில் கிளம்பியிருக்கிறது. வேறு தேசத்துத் தொழிற்சாலை தன் புகையைத் தொடர்ந்து விடலாம். அதற்கு ஈடாக நெல் வயலில் குறைத்ததை விலைக்கு வாங்கிக் கணக்கில் காட்டிக்கொள்ளும். சீனத்தில் இப்படிப் பதிவான 37 நெல் திட்டங்களைக் கணக்குச் சரியில்லை என்று பதிவு செய்த நிறுவனமே 2024-இல் ரத்து செய்தது. குடியானவருக்கு நாலு காசு வருமானால் நமக்குச் சந்தோஷந்தான். ஆனால் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் அந்தப் பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுவது?

ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. வயலுக்கு மேலே வரும் மீதேன் கூடாது என்று உலகம் சொல்கிறது. வயலுக்குக் கீழே நிலக்கரியில் இருக்கும் மீதேனை எடுக்கவோ 2010-இல் மன்னார்குடிப் பகுதியில் ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார்கள். நிலத்தடி நீரை இறைத்து வெளியே கொட்டினால்தான் அந்த வாயு வரும். கிராமம் கிராமமாக ஜனங்கள் எதிர்த்தார்கள். நம்மாழ்வார் அந்தப் பிரசாரத்தின்போதே 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் காலமானார். திட்டம் நின்றது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமும் வந்தது. அந்த எதிர்ப்பில் நின்றவர்களில் தாத்தாவும் ஒருவர் என்று அன்றுதான் அறிந்தோம். "எடுக்காதேன்னு அன்னிக்கு ரோட்டுல உக்காந்தேன். இப்ப விடாதேங்கறீங்க" என்றார்.

மூன்று மா

புறப்படும்போது நாமாகவே ஒரு யோசனை சொன்னோம். எல்லா நிலத்தையும் அல்ல. வீட்டுக்குப் பின்னால், குட்டையிலிருந்து இறைத்துக்கொள்ளக்கூடிய மூன்று மாவில் மாத்திரம் பார்க்கலாமா? முறை தவறினால் குட்டை கைகொடுக்கும். உப்பு அந்தத் துண்டை இன்னும் எட்டவில்லை. ஐப்பசி அடைமழையில் டெல்டா வயலைக் காயவைக்க கிளாஸ்கோவில் கூடிய பிரபுக்கள் எல்லாரும் சேர்ந்து வந்தாலும் முடியாது; கார்த்திகையில் மழை விட்ட இடைவெளியில் செய்தால்தான் உண்டு. பெரியவர் பேரனைப் பார்த்தார். பேரன் நம்மைப் பார்த்தான்.

"மூணு மாதானே. போனாப் போவுது," என்றார்.

பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் பையன் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டான். மறு வாரம் அவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை நம்மிடம் கொண்டுவந்து காட்டினான். அங்குலக்கோல் இல்லாததால் தாத்தாவின் விரலே அளவுகோல். திங்கள்: மண்ணோடு மண். செவ்வாய்: இரண்டு விரல் கீழே. வியாழன்: ஐந்து விரல். வெள்ளி: ஏழு விரல், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. சனி: எட்டு விரல், லேசான வெடிப்பு, தாத்தா மூன்று தடவை போய்ப் பார்த்தார்.

அதற்குக் கீழே வேறு மையில் எழுதியிருந்தது: ராத்திரி இரண்டு மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. தாத்தா டார்ச்சு எடுத்துக்கொண்டு போய் மடையைத் திறந்தார். நானும் கூடப் போனேன்.